முன் ஏருக்காகக் காத்திருக்கும் நிரல்கள்

அவைத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைகளுக்கு நடுவிலும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, வாசலுக்கே வந்து என்னை அழைத்துச் சென்ற துறைத் தலைவர் அவர்களே, எனக்கு முன் கெர்னல் பற்றி அருமையாகப் பேசிய நண்பரே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

எம்பெடட் லினக்ஸ் கருவி, அதாவது உள்ளே லினக்ஸ் ஓடும் சின்னக் கருவி, சுவிட்சைப் போட்டதும் சீக்கிரம் பூட் ஆக மூன்று இடங்களில் கை வைக்கலாம்: கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர், லினக்ஸின் மையமான கெர்னல், அதன் பிறகு கிளம்பும் புராசஸ்கள், அதாவது ஓடும் நிரல்கள். மூன்றாவதிலிருந்தே தொடங்குகிறேன்.

முன் ஏர் போன வழியே பின் ஏர் என்பார்கள். மற்ற நிரல்களைக் கிளப்பிவிடும் முதல் நிரலுக்கு இனிட் என்று பெயர். பழைய இனிட் ஸ்கிரிப்டுகள் அப்படித்தான், ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. 2010-இல் வந்த சிஸ்டம்டி என்ற புது இனிட் பலவற்றை ஒரே நேரத்தில் கிளப்புகிறது. ஆனாலும் அது கிளப்பும் நிரலான சாதாரண சர்வீஸ் ஒவ்வொன்றும், நாம் எழுதாவிட்டாலும், சிஸ்இனிட், பேசிக் என்ற இரண்டு டார்கெட்டுகளுக்காக, அதாவது பூட்டின் இரண்டு கட்டங்கள் முடிவதற்காகக் காத்திருக்கும். அவசரமான நிரலுக்கு இது வேண்டாம் என்றால், அந்தச் சர்வீஸை எப்படிக் கிளப்ப வேண்டும் என்று சொல்லும் யூனிட் கோப்பில் 'டிஃபால்ட் டிபெண்டன்சீஸ்' என்ற இடத்தில் 'நோ' என்று எழுதலாம். அப்புறம் எந்த டிவைஸ் வேண்டும், எந்த மவுண்ட் (இணைக்க வேண்டிய கோப்பு அமைப்பு) வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதையெல்லாம் நாமே சொல்ல வேண்டும். இன்னும் முன்னால் போக வேண்டுமா? கெர்னல் முதலில் இயக்கும் இனிட் இடத்தில் நம் சின்ன நிரலை வைக்கலாம். அது ஃபோர்க் செய்து, அதாவது தன் நகல் ஒன்றைப் பிரித்து, நம் வேலையைக் கிளப்பிவிட்டு, ஒரு புராசஸ் வேறு நிரலாக மாறும் எக்ஸெக் மூலம் உண்மையான இனிட்டாகிவிடும். முதல் புராசஸுக்கு உரிய எண்ணான பிஐடி 1 அப்படியே இருக்கும்.

சரி, ஒரு சம்பவம். வண்டியின் பின்பக்கக் கேமராத் திரை ஒன்றில் வேலை செய்தோம். ரிவர்ஸ் கியர் போட்ட 2 விநாடிக்குள் படம் தெரிய வேண்டும் என்று அமெரிக்காவில் விதியே இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் படம் டக்கென்று வந்தது. எல்லோரும் கைதட்டினோம். வண்டியில் மாட்டினோம், திரை கறுப்பு. ஒரு நிமிடம் ஆயிற்று, கறுப்பு. பவர் சப்ளை என்றார் ஒருவர், கேமரா டிரைவர் என்றார் இன்னொருவர், கேபிளை மாற்றினார் மூன்றாமவர். இரண்டு நிமிடம் கழித்துத் தானாகப் படம் வந்தது! மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மட்டும் யூனிட் கோப்பைத் திறந்து, "கேமரா ஏன் சார் நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கிறது?" என்று கேட்டார். வேறொரு கருவியில் கேமரா ஈதர்நெட்டில் இருந்தது. அந்தக் கோப்பை அப்படியே எடுத்துப் போட்டிருந்தோம், முன் ஏர் போன வழியே பின் ஏர்! ஆய்வகத்தில் நெட்வொர்க் கேபிள் எப்போதும் செருகியே இருக்கும். வண்டியில் கேபிளே கிடையாது. நெட்வொர்க் ஆன்லைன் ஆகக் காத்திருக்கும் சர்வீஸ் தானாகக் கைவிட எடுக்கும் நேரம் 120 விநாடி.

அன்று முதல் நான் போகிற மேடையெல்லாம் கேட்பது ஒன்றுதான். யூனிட் கோப்பில், இதற்குப் பிறகுதான் கிளம்ப வேண்டும் என்று சொல்ல 'ஆஃப்டர்' என்று எழுதும் ஒவ்வொரு வரிக்கும் மேலே, ஏன் காத்திருக்க வேண்டும் என்று ஒரு வரிக் குறிப்பு எழுதுங்கள். காரணம் எழுத வரவில்லையா, அந்த வரியை எடுத்துவிட்டுச் சோதித்துப் பாருங்கள். முதல்வர் அவர்கள் இதை மாணவர்களின் புராஜெக்ட் மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பூட்லோடரும் கெர்னலும் பாக்கி, மணி அடித்துவிட்டார்கள். லினக்ஸ் போர்டு கொண்டுவந்தவர்கள், பூட் ஆகும்போது எது எதற்காகக் காத்திருந்தது என்று காட்டும் 'சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிக்கல்-செயின்' கட்டளையை ஓட்டி வையுங்கள். நான் கீழே இறங்கி வருகிறேன், ஒவ்வொரு வரியாகச் சேர்ந்து பார்ப்போம்.