டெட்ராய்ட் வானொலியின் முகமூடி வீரன்

அவைத்தலைவர் அவர்களே, வானொலி மீது இன்னும் பற்று விடாத நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தொடக்க கால வானொலியின் சாகச நாடகங்கள் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பத்து நாடகங்களின் பெயரைச் சொல்லிவிட்டு இறங்குவதில் எனக்கு விருப்பமில்லை. ஒரே ஒரு தொடரை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், டபிள்யூ.எக்ஸ்.ஒய்.இசட். என்ற வானொலி நிலையத்தில் 1933 ஜனவரி இறுதியில் தொடங்கிய ‘லோன் ரேஞ்சர்’, அதாவது ‘தனித்த காவல் வீரன்’. முகத்தில் கறுப்பு முகமூடி, துப்பாக்கியில் வெள்ளித் தோட்டா, ஏறிச் செல்ல ‘சில்வர்’ என்ற வெள்ளைக் குதிரை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு நேயர் கண்ணில் படவே முடியாத ஒரு வீரன்!

அந்த நிலையத்தின் உரிமையாளர்களில் ஒருவரான ஜார்ஜ் டிரெண்டில் திரையரங்குத் தொழிலிலிருந்து வந்தவர். 1932இல் சி.பி.எஸ். என்ற வானொலி வலையமைப்பிலிருந்து நிலையத்தை விலக்கிக்கொண்டார். நியூயார்க்கிலிருந்து வந்துகொண்டிருந்த நிகழ்ச்சிகள் நின்றுபோயின. இனி எல்லாவற்றையும் உள்ளூரிலேயே தயாரிக்க வேண்டும், செலவும் கூடாது. அப்போதுதான் பஃபலோ நகரில் இருந்த ஃபிரான் ஸ்டிரைக்கர் என்ற வானொலி எழுத்தாளரிடம் சாகசக் கதை கேட்டார்கள்.

தொடர் தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பிப்ரவரி 14 அன்று மிச்சிகன் மாநில ஆளுநர் வங்கிகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டார். கார்த் தொழிற்சாலைகளை நம்பியிருந்த நகரம் அது. ஏற்கெனவே வேலை போயிருந்தது; இப்போது போட்ட பணத்தையும் எடுக்க வழியில்லை. அப்படிப்பட்ட ஊரில், ஏமாற்றப்பட்ட விவசாயிக்கும் நிலம் பறிபோன விதவைக்கும் துணை நின்று, கைம்மாறு எதுவும் வாங்காமல், நன்றி சொல்லத் திரும்புவதற்குள் போய்விடும் ஒருவன் அரை மணி நேரம் காதில் ஒலிக்கிறான். அது மக்களைப் பிடித்துக்கொண்டதில் எனக்கு வியப்பே இல்லை. அந்த ஆண்டு மே மாதம், எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று பார்ப்பதற்காக, முதலில் எழுதும் 300 பிள்ளைகளுக்கு விளையாட்டுத் துப்பாக்கி இலவசம் என்று அறிவித்தார்கள். வந்த கடிதங்கள் 24,905.

இனி நாடகத்தின் உள்ளே போவோம். பெயரிலேயே ‘தனியன்’ என்று இருக்கும் வீரனுக்கு எதற்குத் துணை? மேடையிலோ திரையிலோ ஒருவன் பேசாமல் குதிரையில் போகலாம், நாம் பார்த்துக்கொண்டிருப்போம். வானொலியில் வாய் திறக்காதவன் இல்லாதவன். அவன் என்ன நினைக்கிறான், எந்தப் பக்கம் போகிறான், எதிரே யார் வருகிறார்கள் என்று யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் சில வாரங்கள் கழித்து டோன்டோ என்ற செவ்விந்தியத் தோழன் நுழைந்தான். பதுங்கியிருந்த கொள்ளையர்கள் ரேஞ்சர்கள் என்ற காவல் படையினரைச் சுட்டுத் தள்ள, பிழைத்த ஒருவனை டோன்டோ காப்பாற்றினான் என்ற புகழ்பெற்ற பிறப்புக் கதையெல்லாம் தொடக்கத்தில் கிடையாது. அது பின்னால் வந்து சேர்ந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. வீரன் இலக்கணப் பிழையில்லாத ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்பது டிரெண்டில் வகுத்த விதி. டோன்டோவுக்குக் கொடுத்ததோ உடைந்த, அரைகுறை ஆங்கிலம். பேசியவர் ஜான் டாட் என்ற வெள்ளையர். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் தேர்ந்த நடிகர். மண்ணின் மைந்தன் ஒருவன் திக்கித் திணறிப் பேசுவதாகக் காட்டிய அந்த வசனங்களை இன்று கேட்கும்போது எனக்கு மனம் கூசுகிறது. தொடரை நேசிக்கிறவர்கள் அந்தக் கூச்சத்தையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

ஒலிக்கு வருகிறேன். தொடக்க இசை ரோசினியின் ‘வில்லியம் டெல்’. பழைய மேல்நாட்டுச் செவ்விசை என்பதால் உரிமைத் தொகை கொடுக்க வேண்டியதில்லை. சிக்கனத்துக்காக எடுத்த இசை நாடகத்தின் முகவரியாகிவிட்டது. குளம்பொலியை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் அழுத்தி எடுக்க, மரப்பிடி போட்ட ரப்பர்க் கிண்ணம் ஒன்று இருக்குமே, அதில் இரண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, சரளைக்கல் பரப்பிய தொட்டியில் மாறி மாறிக் குத்துவார்கள். வேகம் கூட்டினால் பாய்ச்சல், குறைத்தால் நடை. மைக்கிலிருந்து விலகிக் குத்தினால் குதிரை தூரத்தில் போகிறது. இத்தனையும் நேரடி ஒலிபரப்பில், நடிகரின் மூச்சோடு இசைந்து வர வேண்டும்.

இந்தத் தொடரில் என்னை மிகவும் கவர்ந்தது 1941 ஏப்ரல் மாதம். எட்டு ஆண்டுகளாக வீரனுக்குக் குரல் கொடுத்த ஏர்ல் கிரேசர் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார். வயது 32. வாரம் மூன்று நாள் ஒலிபரப்பு. நிறுத்திவைக்க அவகாசம் இல்லை. நாடு முழுவதும் பிள்ளைகளுக்கு அந்தக் குரல்தான் அந்த மனிதன். ஒரே நாளில் வேறொரு குரலைப் பேசவிட்டால் யார் நம்புவார்கள்?

கதையில் வீரனைப் படுகாயப்படுத்தினார்கள். அவனால் பேச முடியாது. முனகல், கிசுகிசுப்பு, அவ்வளவுதான். சில நிகழ்ச்சிகள் வரை டோன்டோதான் கதையைத் தூக்கிச் சுமந்தான். காயம் ஆறி அவன் மீண்டும் வாய் திறந்தபோது ஒலித்தது பிரேஸ் பீமரின் கனத்த குரல். பீமர் அதே நாடகத்தில் கதை சொல்லும் அறிவிப்பாளராக இருந்தவர். நேயரின் காதுக்குப் பழகிய குரல். பிழைப்பானா மாட்டானா என்று தவித்த பிள்ளைகளுக்கு, அவன் பேசினானே என்ற நிம்மதிதான் முதலில் வந்திருக்கும். எழுத்து மேசையில், நெருக்கடியில், ஒரு சாவைக் கதைக்குள் வாங்கிக்கொண்ட அந்தக் கைவண்ணத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

அந்த மேசைக்காரர் ஸ்டிரைக்கரைப் பற்றி நம்மில் எத்தனை பேர் பேசுகிறோம்? வாரம் மூன்று என்றால் ஆண்டுக்கு 156 கதைகள். போதாததற்கு அதே நிலையத்துக்காக 1936இலிருந்து ‘கிரீன் ஹார்னட்’ தொடரும் எழுதினார். அதன் நாயகன் லோன் ரேஞ்சரின் உறவுவழியில் வந்தவன் என்று இரண்டையும் முடிச்சுப் போட்டதும் அங்கேதான். இப்படி எழுதியவர், 1934இல் லோன் ரேஞ்சர் மீதிருந்த உரிமையைப் பத்து டாலருக்கு டிரெண்டிலிடம் எழுதிக் கொடுத்திருந்தார். பொருளாதார வீழ்ச்சிக் காலம், குடும்பம் இருக்கிறது, நிரந்தர வேலை வேண்டும். பிறகு சம்பளத்துக்கு எழுதினார். 1954இல் வானொலித் தொடர் முடிந்த ஆண்டிலேயே டிரெண்டில் அந்த உரிமையை 30 லட்சம் டாலருக்கு விற்றார்.

பழைய ஒலிப்பதிவுகள் பல இன்றும் கிடைக்கின்றன. இன்று இரவு ஒன்றையாவது கேளுங்கள். கேட்டு முடித்ததும், உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்டிரைக்கரின் பெயரைச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.