சித்தப்பா மகனா, மாமா மகனா? எச்சிலில் தெரியும் பங்காளி!

வணக்கம் மக்களே! சித்தப்பா மகன் பங்காளி, மாமா மகன் மச்சான். ஆனால் டிஎன்ஏ டெஸ்ட் ரிசல்ட்டில் இரண்டு பேருக்கும் உங்களோடு பொதுவாக இருக்கும் டிஎன்ஏ சராசரியாக 12.5 சதவீதம்தான்! அப்படியென்றால் பங்காளிக்கும் மச்சானுக்கும் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது, வாங்க.

டெஸ்ட் சுலபம். அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, சின்னக் குழாயில் எச்சில் துப்பி அனுப்ப வேண்டும். டிஎன்ஏவின் 300 கோடி எழுத்துகளில் சில லட்சம் இடங்களை மட்டும் படிப்பார்கள். உங்கள் முன்னோர் வழியில் எந்த ஊர் எத்தனை சதவீதம் என்று ஒரு மேப் வரும். கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிற அந்த மேப்பில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை.

(திரையில்: வம்சாவளிப் படம்)

இதைப் பாருங்கள். ஒய் குரோமோசோம், அதாவது ஆண்களிடம் மட்டும் இருக்கும் டிஎன்ஏ கட்டு, அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். தாத்தா, அப்பா, சித்தப்பா, சித்தப்பா மகன், எல்லாருக்கும் ஒரே ஒய். அப்படியே பங்காளி வரிசை! மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் குட்டிப் பகுதி) வைத்திருக்கும் தனி டிஎன்ஏ அம்மாவிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும்; அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது மகள்தான். அதனால் பெரியம்மா, சித்தி பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் அது ஒன்றே.

இப்போது மாமா மகன். ஒய் மாமாவுடையது, மைட்டோகாண்ட்ரியா மாமியுடையது. அத்தை மகனுக்கு ஒய் அத்தை புருஷனுடையது, மைட்டோகாண்ட்ரியா உங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டியுடையது. உங்களோடு இரண்டுமே சேராது! அண்ணன் தம்பி முறை வருகிறவர்களோடு ஏதாவது ஒன்று சேர்கிறது, மச்சான் முறைக்கு ஒன்றுகூட இல்லை. இதைப் பேப்பரில் வரைந்து பார்த்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஆனால் ஒன்று: அதை வைத்து சொந்தத்தில் கட்டினால் ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். மீதி டிஎன்ஏவில் அந்த 12.5 பொதுதான். ஏற்கெனவே சொந்தத்துக்குள் கட்டிய குடும்பமென்றால் இன்னும் ஏறும்.

இந்த இரண்டு வழியையும் வைத்துப் பார்த்த ஒரு ராஜா கதை சொல்கிறேன். 1485இல் போரில் இறந்த இங்கிலாந்து ராஜா மூன்றாம் ரிச்சர்டின் எலும்பு, 2012இல் லெஸ்டர் நகரத்துக் கார் பார்க்கிங்குக்கு அடியில் கிடைத்தது. அவர் அக்காவின் பெண்வழி வாரிசின் மைட்டோகாண்ட்ரியா பொருந்தியது. பங்காளிகளின் ஒய் பொருந்தவில்லை! நடுவில் எங்கேயோ ஒரு பிள்ளைக்காவது அப்பா வேறு. நம் வீட்டிலும் இப்படி வரலாம். அதனால் தயவுசெய்து யாரையும் கட்டாயப்படுத்தி டெஸ்ட் எடுக்க வைக்காதீர்கள்.

பெண்களுக்கு ஒய் கிடையாது, அப்பாவோ அண்ணனோ எடுத்தால்தான் அந்த வழி தெரியும். எல்லா கிட்டிலும் ஒய், மைட்டோகாண்ட்ரியா இரண்டும் வராது, பார்த்து வாங்குங்கள். அப்புறம், அம்மா, அம்மாவின் அம்மா என்று எத்தனை தலைமுறைப் பெயர் உங்களால் சொல்ல முடிகிறது? எண்ணிக்கையைக் கமெண்டில் போடுங்கள்.