சிரிக்காமல் நடித்த நையாண்டி

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு படத்தில் ஒருவனுடைய தலையை வாளால் சீவுகிறார்கள். அந்த நேரம் பின்னணியில் ஒலிப்பது என்ன தெரியுமா? ஹாலிவுட் பட நிறுவனமான ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸின் முத்திரை இசை! படம் தொடங்குமுன் தேடுவிளக்குகள் வானத்தைத் துழாவ, ட்ரம்பெட் முழங்குமே, அதேதான். இந்தப் படத்துக்குப் பணம் போட்டதும் ஃபாக்ஸ்தான். முதலாளி வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே முதலாளியைக் கேலி செய்த துணிச்சல்!

1970இல் வெளிவந்த 'பியாண்ட் தி வேலி ஆஃப் தி டால்ஸ்' படத்தைத்தான் சொல்கிறேன். பெரிய பெரிய இசைப்படங்களை எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது ஃபாக்ஸ். சொற்பச் செலவில் கவர்ச்சிப் படம் எடுத்துக் காசு பார்த்த ரஸ் மேயரை அழைத்தார்கள். அவர் கதை எழுதக் கூட்டிவந்தது 27 வயதுச் சினிமா விமர்சகர் ஒருவரை. சிகாகோ சன்-டைம்ஸின் ரோஜர் ஈபர்ட். ஆறே வாரத்தில் எழுதி முடித்தார். பிற்காலத்தில் தொலைக்காட்சியில் அவரோடு ஜோடியாக உட்கார்ந்து விமர்சனம் சொன்ன ஜீன் சிஸ்கெல், அன்று இந்தப் படத்துக்குக் கொடுத்தது பூஜ்யம்.

கதை பழசுதான். ராக் இசைக்குழு நடத்தும் மூன்று பெண்கள் லாஸ் ஏஞ்சலஸ் போகிறார்கள். அங்கே இசட்-மேன் என்ற இசைத் தயாரிப்பாளர். வாயைத் திறந்தால் ஷேக்ஸ்பியர் நாடக வசனம் போலக் கொட்டும். அவர் வீட்டு விருந்திலேயே குழுவுக்குப் புதுப்பெயர் கிடைக்கிறது: 'கேரி நேஷன்ஸ்'. கேரி நேஷன் யார்? கையில் கோடாலியோடு போய் மதுக்கடைகளை நொறுக்கிய அமெரிக்க அம்மையார். அவர் பெயரை வைத்துக்கொண்டு இந்தக் குழு குடியிலும் மாத்திரையிலும் முங்குகிறது. இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. தெரிந்தவர் சிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

படத்தின் சூட்சுமமும் அதுதான். நடிகர்களிடம் ஒவ்வொரு காட்சியையும் மேயர் வெகு தீவிரமாக விளக்குவாராம். இது நகைச்சுவைப் படமா, இல்லையா என்று அவர்களுக்கே குழப்பம் என ஈபர்ட் எழுதியிருக்கிறார். 'இது கேலிதான்' என்று கண்சிமிட்டி நடித்திருந்தால் இரண்டாம் வாரமே மறந்திருப்போம். புகழுக்காக உருகுகிறவனுக்குத் தான் கோமாளியாகிவிட்டது தெரியாதல்லவா? அந்தத் தெரியாமை நடிப்பில் அப்படியே வந்து விழுந்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பு தொண்டையில் சிக்கும் இடமும் உண்டு. இந்தப் படத்தின் பெயருக்கு மூலமான, 1967இல் வந்த 'வேலி ஆஃப் தி டால்ஸ்' படத்தில் நடித்த ஷாரன் டேட், 1969 ஆகஸ்டில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். சில மாதங்களில் படப்பிடிப்பு தொடங்கிய இந்தப் படமும் ஒரு பங்களாவில் நடக்கும் கொலை இரவில்தான் போய் முடிகிறது. அதிலும் காதலர்களான இரண்டு பெண்களைப் பலி கொடுத்த விதம் இன்று பார்த்தால் கசக்கிறது.

அந்தக் களேபரத்திலேயே, கால் விளங்காமல் சக்கர நாற்காலியில் கிடந்தவனுக்குக் கால் அசைகிறது! பிறகு கனத்த குரலில் ஒருவர், பாத்திரம் பாத்திரமாக எடுத்து நீதி ஓதுகிறார். முடிவில் ஒரே இடத்தில் மூன்று கல்யாணம். முதல்முறை பார்த்தபோது அந்த உபதேசத்தை நிஜமென்று நம்பி, தலையாட்டிக்கொண்டு கேட்டவன் நான்.