ஃபேர்மவுண்ட்: நடிகரும் பூனையும் போக, இன்னும் இரண்டு பேர்

[காட்சி: தெருவோரம் நிற்கும் கார்ஃபீல்டு சிலை]

கார்ஃபீல்டு பூனையை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆரஞ்சு நிறம், எந்நேரமும் தூக்கம், லசான்யா என்றால் உயிர். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஃபேர்மவுண்ட் என்ற ஊரில் அதற்கு ஒரு சிலை உண்டு. வேஷம் மட்டும் ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் டீனுடையது. பூனையை வரைந்தவரும் அந்த நடிகரும் இந்த ஊரில் வளர்ந்த பையன்கள். 3,000 பேர்கூட இல்லாத ஊர் இது.

வளர்ந்த ஊர் என்றுதான் சொல்ல வேண்டும். இருவரும் பிறந்தது பக்கத்து நகரமான மேரியனில்.

[காட்சி: சோள வயல், பண்ணை வீடு]

டீன் பிறந்தது 1931-ல். குடும்பம் கலிபோர்னியாவுக்குக் குடிபோனது. அவருக்கு 9 வயதாகும்போது அம்மா புற்றுநோயில் இறந்துவிட்டார். அப்பா பையனை ரயிலேற்றி, ஃபேர்மவுண்டில் பண்ணை வைத்திருந்த தன் சகோதரி வீட்டுக்கு அனுப்பினார். அம்மாவின் உடலும் அதே ரயிலில்தான் வந்தது.

அத்தையும் மாமாவும் வளர்த்தார்கள். பள்ளியில் பேஸ்கட்பால் ஆடினார். அடலின் நால் என்ற ஆசிரியை நாடகத்தில் இழுத்துவிட்டார். 1949-ல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஊரைவிட்டுக் கிளம்பினார்.

1955 பிப்ரவரியில் புகைப்படக்காரர் டென்னிஸ் ஸ்டாக்கைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார். பன்றிக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம். அப்புறம், சவப்பெட்டியும் விற்கிற மரச்சாமான் கடைக்குள் போய், ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து விளையாட்டாக இன்னொரு படம். அதே ஆண்டு செப்டம்பர் 30-ல் கலிபோர்னியாவில் கார் விபத்து. வயது 24. நாயகனாக நடித்த மூன்று படங்களில் ஒன்றுதான் அதுவரை திரைக்கு வந்திருந்தது. மற்ற இரண்டும் பிறகு வந்தன; இறந்த பின் இரண்டு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

அடக்கம் செய்தது ஃபேர்மவுண்டில். செப்டம்பர் கடைசியில் ஆண்டுதோறும் அவர் பெயரில் விழா. அவரைப்போலத் தலைவாரிக்கொண்டு வந்து போட்டியில் நிற்பவர்களும் உண்டு.

[காட்சி: காமிக்ஸ் கட்டங்கள்]

பூனைக்காரர் ஜிம் டேவிஸ். 1945-ல் பிறந்தவர். சிறு வயதில் ஆஸ்துமா. பண்ணை வேலைக்கு விடாமல் வீட்டிலேயே கிடந்தவருக்கு அம்மா தாளும் பென்சிலும் கொடுத்தார். பண்ணையில் ஏறக்குறைய 25 பூனைகள்! ஆனால் முதலில் அவர் எழுதிய தொடரின் நாயகன் ஒரு கொசுப்பூச்சி. பூச்சியோடு யாருக்கு ஒட்டும் என்று கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். கார்ஃபீல்டு 1978 ஜூன் 19-ல் 41 பத்திரிகைகளில் தொடங்கியது. பெயர் அவருடைய தாத்தாவுடையது.

ராபர்ட் ஷீட்ஸும் இந்த ஊர்ப் பையன்தான். 1987 முதல் 1995 வரை அமெரிக்கத் தேசியப் புயல் மையத்தின் இயக்குநராக இருந்தவர். விமானத்தில் புயலின் கண்ணுக்குள் 200 முறைக்கு மேல் போய்வந்தவர். 1992-ல் ஆண்ட்ரூ புயல் புளோரிடாவைப் புரட்டியபோது பொறுப்பில் இருந்தவர் இவரே.

[காட்சி: பழைய மருத்துவமனைக் கட்டடம்]

என்னைக் கேட்டால், இந்த நால்வரில் முதலிடம் எழுத்தாளர் மேரி ஜேன் வார்டுக்கு. இந்த ஊரிலேயே பிறந்தவர், 1905-ல். வெளியே அவ்வளவாகப் பேர் தெரியாதவரும் இவர்தான்.

1941-ல் மனநலம் குன்றி, நியூயார்க் மாநிலத்தின் ராக்லாண்ட் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கே பட்டதை வைத்து எழுதிய 'தி ஸ்நேக் பிட்' (The Snake Pit) நாவல் 1946-ல் வந்தது. கதையில் ஓர் எழுத்தாளர் மனநல விடுதியில் கண்விழிக்கிறார். தான் ஏன் அங்கே இருக்கிறோம் என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. நெரிசலான வார்டு, மின்னதிர்ச்சி சிகிச்சை, எதற்கும் வரிசை. எல்லாமே நோயாளியின் கண் வழியாக, அங்கங்கே கேலியோடும்கூட.

புத்தகம் நன்றாக விற்றது. 1948-ல் ஒலிவியா டி ஹாவிலாண்ட் நடிக்கப் படமாகி, சிறந்த படம் உள்பட ஆறு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்றது. அரசு மனநல மருத்துவமனைகளுக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வி அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு பேச்சானது; சீர்திருத்தம் கேட்டவர்கள் இந்தப் படத்தைக் காட்டித்தான் வாதாடினார்கள்.