டால்பினைக் கிட்டப் போய் எடுக்க மாட்டேன்! பே ஆஃப் ஐலண்ட்ஸ் கமெண்ட்டுக்குப் பதில்

வணக்கம் மக்களே. போன வீடியோவுக்கு வந்த கமெண்ட் எல்லாம் படிச்சேன். "அண்ணா, டால்பின் கடுகு சைஸ்ல தெரியுது, போட்டைக் கிட்ட விடச் சொல்லுங்க." திரும்பத் திரும்ப இதேதான். செம கடுப்பாயிடுச்சு. விடக்கூடாதுப்பா! நியூசிலாந்துல இருக்கிற அந்த பே ஆஃப் ஐலண்ட்ஸ் கடல், 2021 டிசம்பர்லருந்து பாதுகாக்கப்பட்ட இடம். போட்டு டால்பின்கிட்டருந்து 300 மீட்டர் தள்ளித்தான் இருக்கணும்.

அதுக்காகத்தான் அந்தப் பெரிய ஜூம் லென்ஸை வாடகைக்கு எடுத்தேன். 90 டாலர்! அதுல டிரைபாடுக்குத் தனிக் காசு கேட்டாங்க. ஆடுற போட்டுல டிரைபாடு எதுக்குங்க? கையிலயே பிடிச்சு எடுத்தேன், தோள்பட்டை இன்னும் வலிக்குது. ஆனா அந்த வீடியோல கடைசிக்குக் கொஞ்சம் முன்னாடி பாருங்க: டால்பினோட ஒரு பெரிய முதுகுத் துடுப்பு, அதை ஒட்டியே ஒரு குட்டித் துடுப்பு. அதைப் பார்த்ததும் கத்திட்டேன்.

ஏன் கத்தினேன்னா, அங்க பிறக்கிற குட்டிங்கள்ல 75 சதவீதம் செத்துப்போகுதுன்னு 2019-ல அரசாங்கமே சொல்லுச்சு. நியூசிலாந்துலயே அதுதான் அதிகம். அடிக்கடி வந்துபோற டால்பின் அப்போ வெறும் 19. 1999-லருந்து மூணுல ரெண்டு பங்கு குறைஞ்சுபோச்சு. ஒரு குட்டிக்கு அம்மா 12 மாசம் சுமக்கணும். பிழைச்சா வருஷக்கணக்குல கூடவே வச்சு வளர்க்கணும். அடுத்த குட்டி சட்டுனு வராது.

ஆங், முக்கியமானதை விட்டுட்டேன். குட்டி தண்ணிக்குள்ளயே, அம்மா கூட நீந்திக்கிட்டேதான் பால் குடிக்கும். ஒரு தடவைக்குச் சில நொடிதான். மூச்சுக்கு மேல வந்துட்டுத் திரும்பப் போகணும். அப்போ போட்டு வந்து சுத்துச்சுன்னா? அங்க பகல் நேரத்துல 86 சதவீதம் ஏதாவது ஒரு போட்டு பக்கத்துலயே இருந்திருக்கு, ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க. ஓய்வும் கெடும், இரை தேடறதும் கெடும். பச்ச உடம்புக்காரியை இப்படியா தொந்தரவு பண்றது?

2018-ல அங்க ஒரு அம்மா டால்பின், செத்துப்போன குட்டியை முதுகுல சுமந்துக்கிட்டே திரிஞ்சது. அதுக்கு வழி விடுங்கன்னு போட்டுக்காரங்ககிட்ட அதிகாரிங்க கெஞ்ச வேண்டியதாச்சு. எனக்கு அதை நினைச்சாலே ஆறல.

பார்த்தே ஆகணுமா? அங்க ரஸ்ஸல்ங்கிற ஊர்ப் பக்கம் டாபெக்கா பாயிண்ட் மேல ஏறுங்க, கடல் அருமையாத் தெரியும். பைனாகுலர் எடுத்துட்டுப் போங்க. டால்பின் கூட நீந்துற வீடியோ கேட்ட தம்பிங்களுக்கு: 2019-லயே அங்க அதுக்குத் தடை. தடை இல்லைன்னாலும் நம்ம சேனல்ல வராது.