கீஹோல் ஆபரேஷனுக்கு அப்புறம் வயிறு உப்பசமா இருக்கு, மோஷன் போகல. குடல் நின்னு போச்சா?

வணக்கம். இன்னைக்கு ஒரு சகோதரியோட கேள்வியை எடுத்துக்கிறேன். அவங்க அம்மாவுக்கு 58 வயசு. பித்தப்பைக் கல்லுக்காகக் கீஹோல் ஆபரேஷன், அதாவது சின்னத் துளை வழியா கேமரா விட்டுப் பண்றது, முடிஞ்சு இன்னைக்கு 3வது நாள். "காத்து பிரியுது, ஆனா மோஷன் போகல. வயிறு உப்பசமா இருக்கு, வலது தோள்பட்டை வேற வலிக்குதுங்கிறாங்க. உள்ள அடிச்ச கேஸ் குடல்ல மாட்டிக்கிச்சா? குடல் வேலை செய்யாம போயிடுமா? பக்கத்து வீட்டுல விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்றாங்க, கொடுக்கலாமா டாக்டர்?"ன்னு கேட்டிருக்காங்க.

இந்த பயம் நிறைய பேருக்கு இருக்கு. அதனால கேஸ் விஷயத்தை முதல்ல சொல்லிடறேன். கீஹோல்ல நாங்க தொப்புள் பக்கத்துல ஒரு சின்னத் துளை போட்டு கார்பன் டை ஆக்ஸைடை உள்ள விடுவோம். கருவியை அசைச்சு வேலை பார்க்க இடம் வேணும், அதுக்காக. அழுத்தம் பொதுவா 12லேருந்து 15 மில்லிமீட்டர் பாதரசம், அவ்வளவுதான். அந்த கேஸ் நிக்கிறது குடலுக்கு வெளியில, வயித்துச் சுவருக்கும் குடலுக்கும் நடுவுல. குடலுக்குள்ள அது போறதே இல்லை. ஆபரேஷன் முடிஞ்சதும் துளை வழியாவே வெளியேத்திடுவோம். கொஞ்சம் மிச்சம் இருந்தா ரத்தத்துல கரைஞ்சு, நுரையீரலுக்குப் போய், மூச்சு வழியா வெளியே வந்துடும். ஆக, அம்மாவுக்குக் கீழ பிரியற காத்து அவங்க முழுங்கினதும் குடல்லயே உண்டானதும். நாங்க அடிச்சது இல்லை.

அப்போ தோள்பட்டை ஏன் வலிக்குது? அந்த மிச்ச கேஸ் உதரவிதானத்துக்கு, அதாவது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற தசைக்கு, அடியில போய் நிக்கும். உதரவிதானத்துக்குப் போற நரம்பு கழுத்துலேருந்து இறங்குது, தோள்பட்டைத் தோலுக்கான நரம்பும் அதே இடத்துலேருந்துதான் கிளம்புது. அதனால வலி அங்க தெரியும். பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல போயிடும். ஆனா நெஞ்சு அழுத்தமா இருக்கு, மூச்சு வாங்குது, வேர்த்துக் கொட்டுதுன்னா, கேஸ்தான்னு நினைச்சு வீட்டுல உக்காந்திருக்காதீங்க. உடனே கிளம்பிடுங்க.

இப்போ குடலுக்கு வருவோம். கேமரா உள்ள போனதும் டிவியில சிறுகுடல் தெரியும். வெளிர் சிவப்பா, பளபளன்னு இருக்கும். ஓரிடத்துல சுருங்கும், அந்தச் சுருக்கம் மெதுவா அடுத்த இடத்துக்கு நகரும், மண்புழு ஊர்ற மாதிரி. அந்த அசைவுதான் சாப்பாட்டைத் தள்ளுது. வயித்துல எந்த ஆபரேஷன் பண்ணாலும் இது கொஞ்ச நேரம் அடங்கிப் போகும். உடம்பு ஆபத்துன்னு நினைச்சு நரம்பு வழியா பிரேக் போடுது. அது முதல் காரணம். அப்புறம், குடலைக் கையால எடுத்து ஒதுக்கினா அதோட சுவர்ல இருக்கிற பாதுகாப்புச் செல்கள் சில மணி நேரம் கழிச்சு அழற்சியைக் கிளப்பும், அதுல தசை மந்தமாயிடும். இதுக்கு மேல வலி மருந்து. மார்ஃபின், டிராமடால் வகையெல்லாம் குடலை நல்லாவே மந்தமாக்கும்.

திறந்து பண்ற ஆபரேஷன்ல குடலை ஈரத்துணி வச்சு ஒதுக்கணும், காத்து படும், வெட்டு பெருசு, வலி மருந்தும் அதிகம் வேணும். கீஹோல்ல இது எல்லாமே குறையுது. பித்தப்பை எடுக்கும்போது குடலைத் தொடவே வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. பெருங்குடல் ஆபரேஷனையே கீஹோல்ல பண்ணா, திறந்து பண்ணினவங்களை விட கிட்டத்தட்ட ஒரு நாள் முன்னாடியே காத்து பிரியுது. ஆனாலும் குடலே மந்தமாகாதுன்னு சொல்ல முடியாது. பல பேர் "கீஹோல்தானே, மறுநாளே எல்லாம் சரியாயிடணுமே"ன்னு எதிர்பார்த்துட்டு அப்புறம் பயந்துடறாங்க.

ஒரு வீட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல எழுந்திரிக்க மாட்டாங்க இல்லையா, அதே மாதிரிதான் உள்ளயும். சிறுகுடல் சில மணி நேரத்துலேயே அசைய ஆரம்பிச்சிடும். இரைப்பைக்கு ஒரு நாள், ரெண்டு நாள். கடைசியா எழுந்திரிக்கிறது பெருங்குடல், அதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகும். மலம் சேர்றது அங்கதான். அம்மா ஆபரேஷனுக்கு முன்னாடி பட்டினி, அப்புறம் ஒரு நாள் கஞ்சித் தண்ணி. வெளியே வர உள்ள என்ன இருக்கும், சொல்லுங்க? காத்து பிரியுதுன்னு எழுதியிருக்கீங்களே, எனக்கு முதல்ல நிம்மதி தந்தது அந்த வரிதான். பாதை திறந்திருக்கு, குடல் அசையுது.

இங்க ஒண்ணு சொல்லணும். ரவுண்ட்ஸ்ல "காத்து பிரிஞ்சதாம்மா?"ன்னு கேட்டா, மகன், மருமகன் எதிர்ல பெரியம்மாக்கள் தலையைக் குனிஞ்சுக்குவாங்க. ஒருத்தர் ராத்திரியே பிரிஞ்சதை வெக்கப்பட்டு மறுநாள் மதியம் வரைக்கும் சொல்லவே இல்லை. நர்ஸம்மா தனியா திரை போட்டுக் கேட்டப்பதான் சொன்னாங்க. காத்து பிரிஞ்சாதான் சாப்பாடுன்னு இருந்ததால அதுவரைக்கும் அவங்க வெறும் வயித்தோட கிடந்தாங்க, எனக்கு மனசே கேக்கல. இப்போ அதுக்காகக் காத்திருக்கிற வழக்கமும் குறைஞ்சிடுச்சு. 1990கள்ல டென்மார்க்ல ஹென்ரிக் கெலெட்னு ஒரு சர்ஜன், சீக்கிரம் சாப்பாடு, சீக்கிரம் நடை, குறைஞ்ச மார்ஃபின்னு ஒரு முறையைக் கொண்டு வந்தார். வாயில சாப்பாடு போறதே குடலை எழுப்பும். சூயிங் கம் மென்னா கூட, சாப்பாடு வருதுன்னு மூளை நினைச்சு நரம்பு வழியா குடலுக்குச் சொல்லும்.

அதனால அம்மாவை நாள் பூரா படுத்தே இருக்க விடாதீங்க. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பி, கையைப் பிடிச்சுக்கிட்டு ஹால்ல நடக்க விடுங்க. தண்ணி, மோர், இட்லி, குழைஞ்ச சாதம்னு கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க. எண்ணெய்ப் பலகாரம் இப்போ வேண்டாம். பித்தப்பை இல்லாததால பித்தநீர் சேர்த்து வைக்கப்படாம சொட்டுச் சொட்டா குடலுக்குள்ள வந்துக்கிட்டே இருக்கும். சில பேருக்கு வர்ற வாரங்கள்ல மலம் இளகலா கூடப் போகும், பெரும்பாலும் தானா சரியாயிடும்.

விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். மந்தமா இருக்கிற குடலைப் பலவந்தமா முறுக்கி வலிக்க வைக்கும். அதைவிட, உள்ள ஏதாவது பிரச்சனை இருந்தா அந்த வலியில அது மறைஞ்சு போயிடும். வீட்டுல எனிமாவும் வேண்டாம். இளக்கி மருந்து வேணும்னா உங்க சர்ஜனே எழுதிக் கொடுப்பார்.

நீங்க எழுதாத ரெண்டு விஷயத்தைப் பாருங்க: வாந்தி இருக்கா, காய்ச்சல் இருக்கா? கீஹோல் பண்ணவங்க நேத்தைக்கு விட இன்னைக்கு நல்லா இருக்கணும். வயிறு நாளுக்கு நாள் பெருசாகுது, பச்சையா வாந்தி வருது, பிரிஞ்சுக்கிட்டிருந்த காத்து நின்னு போச்சு, குளிர் காய்ச்சல், வலி கூடிக்கிட்டே போகுது, கண்ணு மஞ்சளாகுது, இதுல ஒண்ணு இருந்தாலும் ராத்திரி 2 மணியா இருந்தாலும் கூட்டிட்டுப் போங்க. பித்தநீர் கசிவு, குடல்ல காயம், துளைக்குள்ள குடல் மாட்டிக்கிறது, இதெல்லாம் அபூர்வம்தான். ஆனா தாமதிச்சா உயிருக்கே ஆபத்து.

இது எதுவும் இல்லைன்னா, அம்மாவோட மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்க. டிராமடால்னு எழுதியிருந்தா, பாராசிட்டமால் மட்டும் போதுமான்னு உங்க சர்ஜனுக்கு இன்னைக்கே போன் பண்ணிக் கேளுங்க.