பந்திக்கு முந்தட்டும் பருப்பு

தலைமை தாங்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் டாக்டர் அம்மா அவர்களே, என்னை அழைத்துவிட்டு "சுருக்கமாப் பேசுங்க" என்று வாசலிலேயே பிடித்துச் சொன்ன செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொண்ட நண்பர் அவர்களே, ஒலிபெருக்கியைச் சரிசெய்து கொடுத்த தம்பி, நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டே கேட்கிறவர்கள், எல்லோருக்கும் வணக்கம்.

இறைச்சியைக் குறைப்போம் என்று பேச வந்திருக்கிறேன். விடுங்கள் என்று சொல்ல வரவில்லை, அதைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பூமி, உடம்பு, பந்தி என்று மூன்று விஷயம் வைத்திருக்கிறேன். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பழமொழிதான்: பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து. என் பேச்சை ஏற்கெனவே கேட்டவர்கள் சிரிக்கிறார்கள், சிரியுங்கள், இன்னும் வரும்.

முதலில் பூமி. மாடும் ஆடும் அசைபோடும் பிராணிகள். அவற்றின் இரைப்பையில் நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்கவைக்கும்போது மீத்தேன் உண்டாகிறது. அது பின்பக்கமாகப் போகிறது என்றுதான் பலரும் நினைத்துச் சிரிக்கிறார்கள். உண்மையில் பெரும்பங்கு வாய்வழியாக, ஏப்பமாகத்தான் வருகிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கரியமில வாயுவைப்போல் சுமார் 80 மடங்கு சூடேற்றும். ஆனால் காற்றில் அதன் ஆயுள் ஏறக்குறைய 12 ஆண்டுதான், அதனால் இன்று குறைத்தால் பலனை நாமே உயிரோடிருந்து பார்க்கலாம்.

2018-இல் சயின்ஸ் இதழில் ஒரு பெரிய கணக்கு வந்தது. 119 நாடுகள், சுமார் 38,700 பண்ணைகள். இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் எல்லாம் சேர்ந்து விவசாய நிலத்தில் 83 சதவீதத்தை எடுத்துக்கொண்டு, நமக்குத் திருப்பித் தருவது கலோரியில் 18 சதவீதம், புரதத்தில் 37 சதவீதம். இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டிலிருந்து 100 கிராம் புரதம் எடுக்கச் சராசரியாக 50 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான புகை போகிறது. கோழிக்கு 6 கிலோவுக்குள். பட்டாணிக்கு அரைக் கிலோகூட இல்லை. இதில் ஒன்று கவனியுங்கள், மாட்டிலிருந்து கோழிக்கு மாறினாலே பெரிய இறக்கம். எல்லாரும் ஒரே நாளில் முனிவராக வேண்டியதில்லை. தட்டில் புரதமே இல்லாதவரிடம் போய்க் "குறை" என்று சொல்வதும் அநியாயம். நான் பேசுவது தட்டு நிரம்பி வழிகிறவர்களிடம்.

அடுத்து உடம்பு. டாக்டர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நான் உடம்பைப் பற்றிப் பேசினால் அதிகப்பிரசங்கித்தனம். 2019-இல் உடம்புக்கும் பூமிக்கும் ஏற்ற உணவு எது என்று ஆராய்ந்த ஈட்-லான்செட் விஞ்ஞானிகள் குழு சிவப்பிறைச்சிக்கு, அதாவது மாடு, ஆடு, பன்றி இறைச்சிக்கு, சொன்ன அளவு நாளைக்கு 14 கிராம், அதாவது வாரத்துக்கு 100 கிராம்கூட இல்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு, மீதியை அம்மாவிடமே விட்டுவிடுகிறேன்.

சரி, பந்திக்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில், பெயர் வேண்டாம், மேலதிகாரிக்குத் திடீரென்று பூமிமேல் பாசம் வந்துவிட்டது. திங்கட்கிழமை கேன்டீனில் இறைச்சி கிடையாது என்று சுற்றறிக்கை ஒட்டினார். அவ்வளவுதான். அதுவரை யூனியன் கூட்டத்துக்கே வராதவர்களெல்லாம் கொடி பிடித்தார்கள். என் பக்கத்து மேஜைக்காரர், நல்ல மனிதர், "என் தட்டில் கை வைக்க இவர் யார்?" என்று மாடிப்படியில் நின்று முழங்கினார். இத்தனைக்கும் அவர் திங்கட்கிழமையில் வீட்டுச் சாப்பாடு கொண்டுவருகிறவர்! அன்று வேண்டுமென்றே டப்பாவை வீட்டில் வைத்துவிட்டு வந்து, வெளியே போய் இறைச்சி சாப்பிட்டார். கேன்டீனில் அண்டா அண்டாவாக மிஞ்சியது. சுற்றறிக்கை கிழிந்தது.

அப்புறம் சமையற்காரர் ஒரு வேலை செய்தார். அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் யாரிடமும் சொல்லவில்லை. வரிசை தொடங்கும் இடத்தில் கொண்டைக்கடலைக் குழம்பை வைத்தார், மூடியைத் திறந்தே வைத்தார், ஆவியும் தாளித்த வாசனையும் வருகிறவன் மூக்கில் நேராக மோதட்டும் என்று. கரண்டிக் காம்பு வரிசையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இறைச்சி அங்கேயேதான் இருந்தது, ஆனால் கோடியில், மூடி போட்டு, சின்னக் கரண்டியோடு. கோடிக்குப் போய்ச் சேரும்போது தட்டில் இடமில்லை! மாடிப்படி வீரர் இரண்டாம் தடவை கடலைக்கு வந்து நின்றார். நான் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. பந்திக்கு முந்து என்பது மனிதனுக்குச் சொன்னது, அந்தச் சமையற்காரர் அதைப் பருப்புக்குச் சொன்னார்.

இது வெறும் கதையில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உணவகங்களில் ஆராய்ந்து 2019-இல் எழுதினார்கள்: நாலில் ஒரு பதார்த்தம் மட்டும் இறைச்சியில்லாமல் இருந்ததை நாலில் இரண்டாக்கியதும் அவற்றின் விற்பனை 41 முதல் 79 சதவீதம்வரை ஏறியது. அதிகம் மாறியது யார் தெரியுமா, முன்பு அவற்றைத் தொடாதவர்கள்தான். இறைச்சியில்லாததை வரிசையில் முதலில் வைப்பதையும் சோதித்தார்கள். அதற்கும் இறைச்சிக்கும் நடுவில் ஒன்றரை மீட்டருக்கு மேல் இடைவெளி இருந்த இடத்தில் பலன் கிடைத்தது, பக்கத்துப் பக்கத்தில் வைத்த இடத்தில் கிடைக்கவில்லை. ஆகவே முந்தினால் போதாது, நன்றாக முந்த வேண்டும்.

நம் சங்கத்தின் கோரிக்கை இதுதான். அலுவலகம், விடுதி, மருத்துவமனை, எங்கே கூட்டமாகச் சாப்பிட்டாலும் பாதிப் பதார்த்தம் பருப்பும் காய்கறியுமாக இருக்கட்டும், அது வரிசையின் தலையில் இருக்கட்டும், "சைவர்களுக்கு மட்டும்" என்ற அட்டையைத் தூக்கி எறியுங்கள், அந்த அட்டையைப் பார்த்தாலே மற்றவன் ஒதுங்கிப் போகிறான். மரபு, வரி, மானியம் பற்றியெல்லாம் குறிப்பு எழுதி வந்தேன், செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.

தீர்மானத் தாள் வாசல் மேஜையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். விருந்துக் குழுவினருக்கு ஒரு வார்த்தை. மேடைக்கு வருவதற்குமுன் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன், முதல் பாத்திரத்தில் இருப்பது இறைச்சிதான். நன்றியுரை முடிய எப்படியும் நேரமாகும், அதற்குள் யாராவது இரண்டு பேர் போய் மாற்றி வைத்துவிடுங்கள். வணக்கம்.